மடப்பள்ளி சகோதரிகளிடமிருந்து ஒரு நீண்ட பதிவு: கர்ப்பப்பைக் கட்டியைப் பற்றிக் கொஞ்சம் பேசுவோம்



ஆடிப்பூரத்தன்று அம்மனுக்குச் சாத்திய வளையல் கிடைக்காதவர்கள், இந்த வெள்ளிக்கிழமை மாலை பூசை முடிந்ததும் மடப்பள்ளிப் பக்கம் வந்து வாங்கிக்கொள்ளலாம். அறிவிப்பு அவ்வளவுதான். இதற்குக் கீழே எழுதியிருப்பது வேறு விஷயம். நீளமாகத்தான் இருக்கும், பொறுமையாகப் படியுங்கள். அண்ணன்மார்களே, "இது பொம்பளைங்க சமாச்சாரம்" என்று தள்ளிவிட்டுப் போய்விடாதீர்கள். உங்கள் வீட்டிலும் அம்மா, அக்கா, மனைவி, மகள் இருக்கிறார்கள்.

எங்களை உங்களுக்குத் தெரியும். வெள்ளிக்கிழமையும் விசேஷ நாளும் மடப்பள்ளியில் காய் நறுக்குகிற, அண்டா கழுவுகிற ஏழெட்டுப் பேர். முந்நூறு பேருக்குச் சாம்பார் வைக்கிற அளவுக்குக் காய் நறுக்க வேண்டுமென்றால் மூன்று மணி நேரம் ஒரே இடத்தில் உட்கார வேண்டும். கை வேலையைப் பார்க்கும், வாய் கதையைப் பேசும். மாமியார் கதை, பிள்ளைகளின் எஸ்.பி.எம். பரீட்சை, வீட்டு லோன் எல்லாம் வெங்காயத்தோடு சேர்ந்து நறுக்குப்படும். ஆனால் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் யாரும் வாய் திறந்து பேசமாட்டார்கள். மாதவிலக்கு. "இந்த வாரம் வர முடியாது" என்றால் போதும், எல்லோருக்கும் புரியும். அதற்கு மேல் கேட்பதில்லை.

எங்களில் ஓர் அக்காவிடமிருந்து அந்த "வர முடியாது" அடிக்கடி வர ஆரம்பித்தது. அவருடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறோம். பெயர் மட்டும் வேண்டாம் என்றார். "எனக்கு நடந்ததை எழுதுங்க, இன்னொருத்தி தப்பிச்சா சரி" என்றும் சொன்னார்.

அக்காவுக்கு வயது 46. கணவர் இல்லை. இரண்டு பிள்ளைகள். கிள்ளான் பக்கம் ஒரு தொழிற்சாலை கேண்டீனில் குத்தகை வேலை. முன்பெல்லாம் மாதத்தில் ஐந்து நாள் கோயிலுக்கு வரமாட்டார். அது ஏழானது, பத்தானது, போன ஆடியில் பதினைந்து நாளைத் தாண்டிவிட்டது. நின்றது என்று தலை முழுகிவிட்டுக் கிளம்பினால் மறுபடியும் ஆரம்பிக்கும். வழக்கத்தை மீறிக் கோயிலுக்குள் வர அவருக்கு மனசு இல்லை. வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வரும்போது, சாலைக்கு எதிர்ப்புறம் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு, கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போவார். "கோபுர தரிசனம் கோடி புண்ணியம்தானே" என்பார் எங்களிடம். சிரித்துக்கொண்டுதான் சொல்வார். எங்களுக்குச் சிரிப்பு வராது.

கறுப்புச் சேலைதான் கட்டுவார். இரவில் இரண்டு பேடு சேர்த்து வைத்தும் மெத்தையில் பிளாஸ்டிக் விரித்துப் படுப்பார். 50 காசு நாணயத்தைவிடப் பெரிய கட்டிகளாக ரத்தம் போகும். மூன்றாவது மாடியில் இருக்கிற வீட்டுக்கு ஏறுவதற்குள் இரண்டு தடவை நின்று மூச்சு வாங்குவார். உள்ளங்கை வெளுத்து மெழுகுபோல் இருக்கும். கேட்டால், "நிக்கப்போற வயசு, அப்படித்தான் இருக்கும். எங்கம்மாவுக்கும் இப்படித்தான்" என்பார்.

புரட்டாசியில் அவரைப் பக்கத்து அரசாங்க கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனோம். பதிவுக் கட்டணம் ஒரு வெள்ளி. ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12க்குக் குறையக்கூடாது. அக்காவுக்கு 7.1. அங்கிருந்து மருத்துவமனைக்குக் கடிதம் கொடுத்தார்கள். அங்கே ஸ்கேன் எடுத்தார்கள். கர்ப்பப்பைச் சுவரில் 9 சென்டிமீட்டரில் ஒரு கட்டி. கூடவே சின்னதாக இரண்டு. அதற்குப் பெயர் ஃபைப்ராய்ட்.

"கட்டி" என்ற சொல்லைக் கேட்டதுமே நம் வீடுகளில் புற்றுநோய் என்று முடிவு கட்டி அழ ஆரம்பித்துவிடுகிறோம். ஃபைப்ராய்ட் புற்றுநோய் கிடையாது. கர்ப்பப்பையின் தசையும் நாரும் சேர்ந்து உருண்டையாக வளர்வது. 50 வயதுக்குள் பெரும்பாலான பெண்களுக்கு ஒன்றாவது வந்திருக்கும், பலருக்கு அது இருப்பதே தெரியாது. தொந்தரவு இல்லையென்றால் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. மாதவிலக்கு நின்ற பிறகு பெரும்பாலும் தானாகவே சுருங்கும். அது இருக்கும் இடமும் அளவும் மோசமாக இருந்தால்தான் வம்பு: அதிக ரத்தப்போக்கு, அடிவயிற்றில் பாரம், அடிக்கடி சிறுநீர், மலச்சிக்கல், இடுப்பு வலி. உருண்டை உருவத்தில் இருக்கிற புற்றுநோய் அபூர்வமாக இருக்கலாம் என்பதால்தான் டாக்டர் பரிசோதனை செய்து உறுதிப்படுத்துவார். அதனால் பயந்து ஒளிந்துகொள்ளாமல் போய்ப் பார்ப்பதே நல்லது.

அக்கா தனியாகப் போன ஒரு நாளில், வரிசையில் காத்திருந்து உள்ளே போனதும், ஐந்து நிமிடத்தில் முடிவு சொல்லி அனுப்பிவிட்டார்கள். "புவாங் ராஹிம்." கர்ப்பப்பையை எடுத்துவிடுவது. மலாயில் அப்படித்தான் சொல்வது, அதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் "ஜாங்கான் புவாங் சம்பா" என்று பலகையில் எழுதியிருக்கிறதே, குப்பை போடாதே என்று, அந்த "புவாங்" தான் இதிலும். அக்கா அன்று மடப்பள்ளியில் வந்து உட்கார்ந்து, "ரெண்டு புள்ளைய சுமந்த எடத்தை குப்பை மாதிரி புவாங் பண்ணச் சொல்லிட்டாங்கடி" என்று அழுத அழுகை எங்கள் யாருக்கும் மறக்காது.

அழுகைக்குப் பின்னால் கணக்கும் இருந்தது. வயிற்றைத் திறந்து அறுவை செய்தால் பழைய வேலைக்குத் திரும்ப ஆறு வாரமாவது ஆகும். குத்தகை வேலையில் எம்.சி. கொடுத்தால் அந்த நாளுக்குச் சம்பளம் கிடையாது. ஆறு வாரம் போகவில்லையென்றால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். வீட்டு வாடகை காத்திருக்காது. சொந்தக்காரர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். ஒருவர், "எடுத்துட்டா உடம்பு ஊதிடும்." இன்னொருவர், "ஜாமு குடி, கரைஞ்சிடும்." மூன்றாமவர், "இத்தனை வருசம் தாங்கிட்ட, இன்னும் ரெண்டு வருசம் தாங்கு." ஆக, அக்காவுக்கு முன்னால் இருந்தது இரண்டே வழி: தாங்கிக்கொள், இல்லையென்றால் எடுத்துவிடு.

அம்மனிடம் ஒரு வேண்டுதலும் வைத்திருந்தார். கத்தி படாமல் குணமானால் பால்குடம் எடுக்கிறேன் என்று. குணமாவதற்கு முன்பே, ஆடியிலேயே எடுத்துவிடலாமா என்று குருக்களிடம் கேட்டிருக்கிறார். குருக்கள் சொன்னதை அப்படியே எழுதுகிறோம்: "முதல்ல ரத்தத்தை ஏத்திக்கிட்டு வாம்மா. பால்குடம் எங்கயும் ஓடிப்போகாது. அம்மன் வட்டி கேக்கிறவ இல்ல."

அடுத்த அப்பாயிண்ட்மெண்டுக்கு நாங்கள் இரண்டு பேர் கூடப் போனோம். ஒருவர் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. ஒரு பள்ளி நோட்டில் கேள்விகளை மலாயில் எழுதி எடுத்துக்கொண்டார். அன்று பார்த்தவர் வேறொரு டாக்டர், சின்ன வயது மலாய்ப் பெண். நோட்டைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கேள்வி எழுதிக்கொண்டு போனால் டாக்டருக்குக் கோபம் வரும் என்று பயப்படாதீர்கள். இவர் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். மாத்திரையில் கட்டுப்படுத்தலாம். ஹார்மோன் காயில் வைக்கலாம், ஆனால் கட்டி பெரிதாக இருந்தால் அது நிற்காமல் வெளியே வந்துவிடலாம். கட்டியை மட்டும் அறுத்து எடுக்கலாம். கர்ப்பப்பையை எடுக்கலாம். பிறகு, "இன்னொன்று இருக்கிறது, எல்லா மருத்துவமனையிலும் செய்யமாட்டார்கள், அனுப்பி வைக்கட்டுமா?" என்று கேட்டார். எம்போலைசேஷன். அந்தச் சொல்லை நாங்கள் அன்றுதான் முதல் தடவையாகக் கேட்டோம்.

அது என்ன என்பதை நாங்கள் புரிந்துகொண்ட விதத்தில் சொல்கிறோம்.

ஃபைப்ராய்ட் சும்மா வளராது. அதற்கு ரத்தம் வேண்டும். கர்ப்பப்பைக்கு இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என்று இரண்டு பெரிய ரத்தக்குழாய்கள் போகின்றன. அதிலிருந்துதான் கட்டியும் உறிஞ்சிக் குடிக்கிறது. வாழைக்குப் போகிற வாய்க்காலில் களை தண்ணீர் குடிக்கிற மாதிரி. களைக்குப் போகிற மடையை அடைத்துவிட்டால் களை வாடிவிடும். எம்போலைசேஷன் என்பது அந்த மடையை அடைப்பது.

இதைச் செய்பவர் மகப்பேறு மருத்துவர் இல்லை. எக்ஸ்ரே படத்தைப் பார்த்துக்கொண்டே ரத்தக்குழாய் வழியாகச் சிகிச்சை செய்கிற நிபுணர். இன்டர்வென்ஷனல் ரேடியாலஜிஸ்ட் என்பார்கள். வயிற்றை அறுப்பதில்லை. தொடை இடுக்கிலோ மணிக்கட்டிலோ மரத்துப்போக ஊசி போட்டு, ஒரு சின்னத் துளை வழியாக, தென்னை ஈர்க்குச்சி கனத்தில் ஒரு மெல்லிய குழாயை ரத்தக்குழாய்க்குள் விடுகிறார்கள். மயக்கம் வருகிற மாதிரி மருந்து கொடுப்பார்கள், ஆனால் முழு மயக்கம் பெரும்பாலும் தேவைப்படாது. குழாய் வழியாக ஒரு மருந்தைச் செலுத்தினால் ரத்தக்குழாய்கள் திரையில் மரக்கிளை மாதிரி தெரியும். சரியான கிளையில் போய் நின்றதும், ரவை அளவுக்கு, ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் இருக்கிற துகள்களை விடுகிறார்கள். கட்டி அதிகமாக ரத்தம் இழுக்கிறதால் துகளும் அதன் பக்கமே போய் அடைத்துக்கொள்ளும். இடது, வலது இரண்டு பக்கமும் செய்ய வேண்டும். ஒன்று, ஒன்றரை மணி நேர வேலை. தையல் கிடையாது, ஒரு பிளாஸ்டர்தான்.

"அப்ப கர்ப்பப்பை செத்துடாதா?" என்று எங்கள் ஆசிரியை கேட்டார். கர்ப்பப்பைக்கு வேறு சின்னச் சின்ன வழிகளிலும் ரத்தம் வரும், அது பிழைத்துக்கொள்ளும். கட்டிக்கு அந்த வசதி குறைவு, அது சுருங்கும் என்றார் டாக்டர்.

இது நேற்று வந்த வைத்தியம் என்று நினைத்துவிடாதீர்கள். பிரசவத்துக்குப் பிறகு நிற்காத ரத்தப்போக்கை நிறுத்த 1970களிலிருந்தே ரத்தக்குழாயை அடைத்து வந்திருக்கிறார்கள். பாரிசில் ஜாக் ரவினா என்ற மருத்துவர், கட்டி அறுவையின்போது ரத்தம் குறைவாகப் போகட்டும் என்று முன்கூட்டியே இதைச் செய்யச் சொன்னார். அறுவைக்காகக் காத்திருந்த பெண்கள் பலர், "டாக்டர், எனக்கு இப்பவே சரியாயிடுச்சு, அறுவை எதுக்கு?" என்று கேட்கிற நிலைமை வந்துவிட்டது. 1995ல் அதை மருத்துவ இதழில் எழுதினார். அப்படித்தான் இது தனி வைத்தியமாக ஆனது. 2004 நவம்பரில், அமெரிக்க வெளியுறவு அமைச்சராகப் பெயர் அறிவிக்கப்பட்ட அதே வாரத்தில், கொண்டலீசா ரைஸ் இதைச் செய்துகொண்டார். ஒரு இரவு மருத்துவமனையில் தங்கி மறுநாள் வீடு திரும்பினார். அப்போதுதான் உலகத்தில் பல பெண்களுக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரிந்தது.

அக்காவுக்கு உடனே செய்துவிடவில்லை. முதலில் ரத்தப்போக்கைக் குறைக்க மாத்திரை, சொட்டு சொட்டாக ஏற்றுகிற இரும்புச்சத்து. 7.1 இருந்தது 10க்கு மேல் வந்தது. எம்.ஆர்.ஐ. எடுத்துக் கட்டி எங்கே எப்படி இருக்கிறது என்று பார்த்தார்கள். 45 தாண்டியவர் என்பதால் கர்ப்பப்பை உள்சவ்விலிருந்து கொஞ்சம் எடுத்துப் புற்றுநோய் இல்லை என்று உறுதி செய்தார்கள். எக்ஸ்ரே மருந்து சிறுநீரகம் வழியாக வெளியே போவதால் சிறுநீரகப் பரிசோதனையும் செய்தார்கள். நம்மில் இனிப்புநீர் உள்ளவர்கள் நிறைய. அவர்கள் என்ன மாத்திரை சாப்பிடுகிறோம் என்று மறைக்காமல் சொல்ல வேண்டும், எதை எப்போது நிறுத்துவது என்று டாக்டரே சொல்லுவார்.

தைப்பூசத்துக்கு முன்னால் நாள் கிடைத்தது. காலையில் கோமுட்டர் ரயிலில் கே.எல். போனோம். பதினோரு மணிக்கு உள்ளே கொண்டுபோனார்கள், மதியம் சாப்பாட்டு நேரத்துக்கு வெளியே வந்துவிட்டார். "அவ்ளோதானா?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு ஒரு மணி நேரம்தான்.

வலியைப் பற்றி யாராவது "ஒன்றுமே இல்லை" என்று சொன்னால் நம்பாதீர்கள். ரத்தம் நின்ற கட்டி வலிக்கும். அன்று மாலையிலிருந்து இரவு வரை பிரசவ வலி மாதிரி இழுத்தது என்றார். தொடை வழியாகச் செய்ததால் சில மணி நேரம் காலை மடக்காமல் நேராகப் படுத்திருக்க வேண்டும். வாந்தியும் வந்தது. கையில் ஒரு பட்டன் கொடுத்திருந்தார்கள், வலிக்கும்போது அமுக்கினால் வலிமருந்து நரம்பில் ஏறும், அளவுக்கு மேல் ஏறாது. அக்கா அதை அமுக்காமல் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். வார்டு மிஸ்ஸி வந்து, "மக்சிக், இது தாங்கிக் காட்டுற போட்டி இல்ல" என்று மலாயில் செல்லமாகத் திட்டிவிட்டு அவர் விரலையே வைத்து அமுக்கினாராம். தாங்கிக்கொள்வது நமக்கு அவ்வளவு பழகிப்போன விஷயம்.

மறுநாள் மாலை வீட்டுக்கு வந்தாச்சு. ஒரு வாரம் லேசான காய்ச்சல், அசதி, காய்ச்சலில் கிடந்து எழுந்த மாதிரி உடம்பு. இது பலருக்கும் வருவதுதான் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். ஆனால் காய்ச்சல் அதிகமானாலோ, நாற்றத்தோடு வெள்ளை போனாலோ, குறைந்த வலி மறுபடி ஏறினாலோ, அது சில வாரம் கழித்து என்றாலும், தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். கட்டி துண்டாக வெளியே வரலாம், கிருமி தொற்றலாம். எல்லோருக்கும் நடக்காது, நடந்தால் வீட்டில் உட்காரக்கூடாது. அந்த ஒரு வாரமும் நாங்கள் முறை வைத்துக் கஞ்சியும் ரசமும் கொண்டுபோய்க் கொடுத்தோம். பதினாலாம் நாள் அக்கா கேண்டீனுக்குப் போய்விட்டார்.

மூன்றாவது மாதம் மாதவிலக்கு ஐந்து நாளில் நின்றது. அன்று எங்கள் வாட்சாப் குழுவில் அவர் அனுப்பியது ஒரே வார்த்தை: "அஞ்சு." எங்களுக்குப் புரிந்தது.

இந்த ஆடிக்கு ஆறு மாதம் ஆனது. மறுபடி ஸ்கேன். 9 சென்டிமீட்டர் கட்டி 7 ஆகியிருந்தது. அக்காவுக்கு ஏமாற்றம். "இவ்வளவு வலி பட்டதுக்கு ரெண்டு சென்டிதானா?" டாக்டர் விளக்கினார். உருண்டைக்குக் குறுக்களவு 9லிருந்து 7 ஆனால், அதன் மொத்தக் கொள்ளளவு பாதிக்கும் கீழே போய்விடும். லட்டு பிடித்துப் பழகின எங்களுக்கு அது உடனே புரிந்தது. ஹீமோகுளோபின் 12.4. மூன்றாவது மாடிக்கு நிற்காமல் ஏறுகிறார். குருக்களிடம் போய்ப் பால்குடத்துக்குப் பெயரும் கொடுத்துவிட்டார். இந்த வருடம் முந்நூறு பேர் சாம்பாருக்குக் காய் நறுக்கியதில் பாதி அவர் கைதான்.

இதோடு நிறுத்தினால் இது விளம்பரம் ஆகிவிடும். மீதியையும் சொல்ல வேண்டும்.

எம்போலைசேஷன் செய்துகொண்டவர்களில் பத்தில் எட்டு, ஒன்பது பேருக்கு ரத்தப்போக்கும் பாரமும் நன்றாகக் குறைகிறது. ஆனால் கர்ப்பப்பை உள்ளேயே இருப்பதால், சிலருக்குப் பின்னாளில் மறுபடி தொந்தரவு வரும். நெதர்லாந்தில் 10 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த ஆய்வில், செய்துகொண்டவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் கர்ப்பப்பையை எடுக்காமலேயே இருந்தார்கள். மீதிப் பேருக்குப் பிறகு எடுக்க வேண்டி வந்தது. அக்காவுக்கும் இதைச் சொன்னார்கள். "மூணுல ரெண்டு நல்ல கணக்குதான். மிச்சத்தை அம்மன் பாத்துக்குவா" என்றார். தெரிந்துகொண்டு எடுத்த முடிவு அது. 45ஐத் தாண்டியவர்களில் சிலருக்கு இதற்குப் பிறகு மாதவிலக்கு சீக்கிரமே நின்றுவிடுவதும் உண்டு.

எங்கள் குழுவில் 33 வயதுத் தங்கை ஒருவர். கல்யாணமாகி இரண்டு வருடம், குழந்தைக்குக் காத்திருக்கிறார். அவருக்கும் ஃபைப்ராய்ட். அக்காவைப் பார்த்துவிட்டு, "எனக்கும் அதையே செய்யச் சொல்லுங்க" என்று போனார். டாக்டர் மறுத்துவிட்டார். குழந்தை வேண்டும் என்பவர்களுக்கு இது பொதுவாக முதல் வழி இல்லை. பிறகு கர்ப்பம் தரித்துப் பெற்றவர்கள் இருக்கிறார்கள், ஆனால் கட்டியை மட்டும் அறுத்து எடுப்பதைத்தான் முதலில் சொல்லுவார்கள். அவருக்கு அப்படித்தான் செய்தார்கள். பிரிட்டனில் 254 பெண்களை வைத்துச் செய்து 2020ல் வெளியான ஆய்விலும், இரண்டு முறையிலும் பெண்களுக்கு நல்ல சுகம் கிடைத்தது, ஆனால் கட்டியை அறுத்து எடுத்தவர்களின் வாழ்க்கைத்தரம் இரண்டு வருடம் கழித்துக் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது.

இன்னொரு பெரியம்மா, 52 வயது. எல்லா வழியையும் கேட்டுவிட்டு, "எனக்கு ஒரே தடவையில முடியணும், திரும்ப வரக்கூடாது" என்று கர்ப்பப்பையை எடுத்துக்கொண்டார். இன்றைக்குச் சந்தோசமாக இருக்கிறார், ஊதவும் இல்லை, உலரவும் இல்லை. நவராத்திரிக்குச் சுண்டல் பொறுப்பு அவருடையதுதான். கர்ப்பப்பை இல்லாததால் ஒரு பெண்ணுக்குப் பெண்மை போய்விடாது. அம்மனுக்கு முன்னால் யாரும் அரைப் பெண்ணாக நிற்பதில்லை.

மூன்று பேர், மூன்று வழி. மூன்றும் அவரவர் கேட்டுத் தெரிந்து எடுத்தது. எங்கள் ஆசையெல்லாம் இதுதான்: "தாங்கு", "எடு" என்ற இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது என்பது தெரியாமல் எந்தப் பெண்ணும் கையெழுத்துப் போடக்கூடாது. எல்லா வழியையும் கேட்டபிறகு எதைத் தேர்ந்தாலும் அது அவர் முடிவு.

சில விஷயங்களை மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு மணி நேரத்தில் ஒரு பேடு நனைகிறது, ஏழு நாளுக்கு மேல் போகிறது, பெரிய கட்டிகளாக வருகிறது, படியேறினால் மூச்சு வாங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது என்றால் "வயசு" என்று விடாதீர்கள். ரத்தம் பாருங்கள். மாதவிலக்கு முழுசாக நின்று ஒரு வருடம் ஆனபிறகு ஒரு சொட்டுப் பட்டாலும் உடனே டாக்டரிடம் போகவேண்டும், அது வேறு கணக்கு.

இரும்பு மாத்திரையைத் தே தாரிக்கோடு விழுங்காதீர்கள். தேநீரும் காப்பியும் இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. இரண்டு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். மாத்திரையோடு கொய்யாப்பழமோ எலுமிச்சைச் சாறோ நல்லது. மலம் கறுப்பாகப் போனால் பயப்படவேண்டாம், மாத்திரையால் வருவது.

ரத்தம் குறைந்த உடம்போடு விரதம் இருந்து, வெயிலில் வெறுங்காலில் நடந்து, பால்குடமோ காவடியோ எடுக்கவேண்டாம். முதலில் சிகிச்சை. குருக்கள் சொன்னதை மேலே படித்தீர்கள்.

ஜாமுவோ நாட்டு மருந்தோ குடித்துக்கொண்டிருந்தால் டாக்டரிடம் மறைக்காதீர்கள். அதில் ஃபைப்ராய்ட் கரைந்து போகும் என்று நம்பி வருடக்கணக்காக ரத்தத்தை இழக்காதீர்கள்.

டாக்டரிடம் போகும்போது நோட்டில் எழுதிக்கொண்டு போங்கள். கட்டி எத்தனை, எவ்வளவு பெரிசு, எந்த இடத்தில்? புற்றுநோய் இல்லை என்று எப்படி உறுதி செய்கிறீர்கள்? எனக்கு இருக்கிற எல்லா வழிகளும் என்ன? எம்போலைசேஷன் எனக்குப் பொருந்துமா, பொருந்தாது என்றால் ஏன்? இங்கே செய்கிறீர்களா, இல்லையென்றால் எங்கே அனுப்புவீர்கள்? எத்தனை நாள் எம்.சி. தேவை? தனியார் மருத்துவமனை என்றால் செலவை எழுத்தில் கேளுங்கள், காப்புறுதி அட்டை இருந்தால் கம்பெனியின் ஒப்புதலை முன்கூட்டியே வாங்குங்கள். கர்ப்பமாக இருப்பவர்களுக்கும், கர்ப்பப்பையில் கிருமித் தொற்று உள்ளவர்களுக்கும், புற்றுநோய் சந்தேகம் இருப்பவர்களுக்கும் எம்போலைசேஷன் செய்யமாட்டார்கள்.

அண்ணன்மார்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் மனைவி மாதத்தில் பாதி நாள் சோர்ந்து கிடந்தால், "சோம்பேறி" என்று பேசுவதற்கு முன் கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பாருங்கள். வெளுத்திருந்தால் காடியை எடுங்கள். உள்ளே டாக்டர் அறைக்கும் கூடப் போங்கள், வெளியே உட்கார்ந்து போனைப் பார்க்காமல்.

நாங்கள் டாக்டர்கள் இல்லை, காய் நறுக்குகிறவர்கள். எங்களால் முடிந்தது கூட வருவது, எழுதிக் கொடுப்பது, மொழிபெயர்ப்பது, கஞ்சி வைத்துக் கொடுப்பது. தனியாகப் போகப் பயமாக இருக்கிறது என்கிற சகோதரிகள் யாராக இருந்தாலும் வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு மடப்பள்ளிப் பின்வாசலுக்கு வாருங்கள். அன்று கோயிலுக்குள் வரமுடியாத நாளாக இருந்தாலும் பரவாயில்லை, பின்வாசலில் நாற்காலி போட்டு வைக்கிறோம், நாங்கள் வெளியே வந்து பேசுகிறோம். அக்காவும் இருப்பார். நீங்கள் கேட்கிறதை அவரே சொல்லுவார், வலியையும் சேர்த்து.

இந்தப் பதிவைப் பகிர்வதாக இருந்தால், உங்கள் அம்மாவுக்கும் அக்காவுக்கும் முதலில் அனுப்புங்கள். வளையல் வாங்க வரும்போது பை கொண்டுவர மறக்காதீர்கள்.

அம்மன் துணை.

அன்புடன்,
மடப்பள்ளி சகோதரிகள்